ராட்டினத்தில் கேட்ட பரிசுத்தர்

என் அக்காள் க்லோத்தில்தின் கணவர் எவரிஸ்த் தெலாந்த், தோர்வேல் ஊர்ப் பெரிய கோயிலில் ஆர்கன் வாசித்தவர். பூசைக்கான பாட்டுகளும் அவரே எழுதுவார். என் புருஷன் போன பிறகு நான் அவர்கள் வீட்டு மாடியில் குடிவந்து, கீழே தெருவைப் பார்த்த அறையில் நூலும் பொத்தானும் ரிப்பனும் விற்றுக்கொண்டிருந்தேன். அதனால் அத்தானுக்கு நேர்ந்ததைக் கிட்டே இருந்து பார்த்தவள் நான்தான். பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும். புரிந்துகொண்டேன் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

அத்தான் அதிகம் பேசமாட்டார். மெல்லிய அடித்தோல் வைத்த கறுப்புச் செருப்பு ஒன்று வைத்திருந்தார். ஆர்கனின் கால்கட்டைகளை மிதிக்க மட்டும் அது. மறந்துபோய் அதோடேயே சந்தைக்கு வந்து, சேற்றில் கால் நனைந்து, அக்காளிடம் திட்டு வாங்குவார். இளம் வயதில் அவர் எழுதிய ஒரு பூசைப் பாட்டுத் தொகுதி பாரீஸில் அச்சாகி, எங்கள் மறைமாவட்டம் முழுக்கப் பரவியிருந்தது. அதில் எல்லோருக்கும் உயிர் ‘பரிசுத்தர்’தான். பூசையின் நடுவே, மணி அடிப்பதற்கு முன், மூன்று தடவை பரிசுத்தர் என்று பாடுகிற இடம். தாழ்ந்த சுரத்தில் ஆரம்பித்து, மூன்று படி ஏறி, ஏறலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்று, பிறகு சட்டென்று உயரே போகும் பாட்டு. அதில் தனிக்குரல் என்னுடையது. எங்கள் கோயில் பாதிரியார், பங்குசாமி குர்தெல், அந்த இடம் வந்தால் பீடத்தைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொள்வார். முதுகு அசைவதை வைத்தே மேலே பாடகர் மாடத்திலிருந்து எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் மிக்கேல் சம்மனசு திருநாள் சந்தைக்கு, வழக்கமாக வரும் ராட்டினக்காரன் வரவில்லை. வடக்கேயிருந்து புதிதாக ஒரு குடும்பம் வந்து கோயில் வாசலுக்கு எதிரேயே குதிரை ராட்டினத்தை நட்டது. நடுவில் கண்ணாடியும் பொம்மைகளுமாக ஒரு பெரிய பெட்டி வாத்தியம். உள்ளே முள் அடித்த உருளை இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் அதுவே பாடும். அக்காளும் அத்தானும் நானும் சந்தையில் ஆப்பிள் கள் குடித்து, சூடான கோதுமை தோசை தின்றுகொண்டிருந்தோம். ராட்டினம் சுற்றத் தொடங்கியது. பெட்டி பாடியது.

முதலில் எனக்கே தெரியவில்லை. ஏதோ குதியாட்டப் பாட்டு என்று காலால் தாளம் போட்டேன். பிறகு வாய் தானாகப் பரிசுத்தர், பரிசுத்தர் என்று முணுமுணுத்தது. அத்தான் கையிலிருந்த தோசையை அப்படியே தட்டில் வைத்தார்.

எங்கள் பக்கத்து மேசையில் இறைச்சிக்கடை கோபெர் இருந்தான். அவனுக்குக் காது நல்ல காது.

“என்ன முசியே தெலாந்த், பூசை நேரத்தை மாத்திட்டாங்களா? குதிரையெல்லாம் முட்டி போடாம ஓடுதே,” என்றான்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு இல்லை. ஆனால் அத்தான் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து நேரே ராட்டினத்துக்குப் போனார். அவர் சண்டைக்குப் போகிறார் என்று பயந்து அக்காள் என்னைப் பின்னாலேயே அனுப்பினாள்.

ராட்டினக்காரன் பெயர் ஃபிர்மேன். தடித்த மீசை, சாதுவான கண். அவன் மனைவி மெலானி மேலே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தாள். அத்தான் தொப்பியைக் கழற்றி, இந்தப் பாட்டு எங்கிருந்து கிடைத்தது என்று மரியாதையாகத்தான் கேட்டார். அது எங்கப்பா காலத்துப் பாட்டு, ப்ருஷ்யாக்காரன் சண்டைக்கு முன்னாலேயே உருளையில் அடித்தது என்றான் ஃபிர்மேன். அத்தானின் பூசைப் பாட்டு அந்தச் சண்டை முடிந்து வெகு காலம் கழித்து எழுதியது. அப்படியானால் இது அவருடையது இல்லை.

மெலானி கைப்பிடியை விட்டாள். குதிரைகள் தளர்ந்து நின்றன.

“யோவ், உனக்கு என்னய்யா தெரியும்? உங்கப்பா காலத்து உருளை ஆத்துல விழுந்து ஊறிப்போச்சே. இது நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் ஆமியான் பட்டணத்துல புதுசா அடிச்சது.”

“ஊறினது வேற உருளை.”

“இருந்ததே ஒரு உருளை. கல்யாணம் எப்பன்னாவது நெனப்பு இருக்கா உனக்கு?”

அதுவும் அவனுக்குச் சரியாக நினைவில்லை. இருவரும் வருஷத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். மூத்த பிள்ளை பிறந்ததை வைத்து அவள் கணக்குச் சொன்னாள்; ஒரு குதிரை செத்ததை வைத்து அவன் கணக்குச் சொன்னான். இரண்டும் சேரவில்லை. அத்தான் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். புதுசாக அடிக்கும்போது பாட்டைக் கொடுத்தது யார் என்று மெலானியிடம் கேட்டார். உருளை அடிக்கிறவன் வாயில் என்ன பாட்டு இருந்ததோ அதை அடித்தான், நாங்கள் எங்கே கேட்டோம் என்றாள் அவள். பிறகு அவர் யார் என்று என்னிடம் விசாரித்து, மறுநாள் ஞாயிறு பூசைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பூசை முடிந்து வெளியே வந்ததும் அத்தானிடம் அவள் சொன்னது இதுதான்: “ரெண்டும் ஒண்ணுதாங்க முசியே. எங்களதுல குதிரை ஓடுது, உங்களதுல நின்னு மூச்சு வாங்குது. உங்களுது முந்தினதுன்னு எனக்குத் தோணுது. ஏன்னு கேக்காதீங்க.”

அத்தானுக்கு அந்த ஏன்தான் தேவைப்பட்டது.

சந்தை முடிந்து ராட்டினம் போய்விட்டது. பாட்டு போகவில்லை. ஊர்ப் பிள்ளைகள் பரிசுத்தரைக் குதித்துக் குதித்துப் பாடின. வீட்டில் அத்தான் அக்காளிடம் விசாரணை நடத்தினார். அந்தப் பாட்டு முதலில் தன் வாயில் வந்தது எப்போது என்று கேட்டார். கல்யாணமான புதிதில் கடற்கரைக்குப் போகும் படகில் நீங்கள் முணுமுணுத்தீர்கள், எனக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது என்றாள் அக்காள். அவர் முகம் தெளிந்தது. அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் படகில் ஒரு வாத்தியக் கோஷ்டி இருந்தது, அவர்கள் வாசித்ததும் இனிமையாக இருந்தது என்று சேர்த்துச் சொன்னாள். என்ன வாசித்தார்கள் என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றாள்.

குளிர்காலத்துக்கு முன்பு அவர் ரயிலேறி ஒரு மடத்துக்குப் போனார். பழைய வழிபாட்டு ராகங்களை ஆராய்ந்துகொண்டிருந்த துறவி ஒருவர் அங்கே இருந்தார். அவர் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டு, முதல் ஐந்து சுரம் ஆயிரம் வருஷத்துப் பழைய கீதத்தில் இருக்கிறது, நீங்கள் சிறுவயதில் குருமடத்துப் பள்ளியில் அதைத் தினமும் பாடியிருப்பீர்கள் என்றாராம். ஐந்துக்குப் பிறகு எங்கிருந்து வந்தது என்று அத்தான் கேட்டிருக்கிறார். ஐந்துக்குப் பிறகு எந்தப் பாட்டும் எங்கே வேண்டுமானாலும் போகும் என்று சொல்லி, அந்தத் துறவி அவருக்குச் சூடாகச் சூப்பு கொடுத்து அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. பூசையில் காணிக்கை நேரத்தில், எதையும் பார்க்காமல் அப்போதைக்கு மனதில் தோன்றுவதை வாசிப்பது அவர் வழக்கம். ஊரார் அதற்காகவே முன்கூட்டி வந்து இடம் பிடிப்பார்கள். இப்போது நடுவிலேயே கையை எடுத்துவிடுவார். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்தியின் மூச்சு மட்டும் கோயிலில் கேட்கும். கீழே எல்லோரும் திரும்பி மாடத்தைப் பார்ப்பார்கள். கேட்டால், அது வேறு யாருடையதோ போலிருந்தது என்பார்.

வீட்டில் பியானோவில் நாலு சுரம் தட்டிவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

“ஒதீல், இது எங்கயாவது கேட்டிருக்கியா?”

முதல் சில நாள் உண்மையாக யோசித்துச் சொன்னேன். யோசிக்க யோசிக்க எல்லாமே எங்கேயோ கேட்டது மாதிரித்தான் இருந்தது. பால்காரி கூப்பிடுவது, என் கடைக் கதவின் மணி, எங்கம்மா பாடியது. பிறகு எதைக் கேட்டாலும் கேட்டதே இல்லை அத்தான் என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒருநாள் அவர் ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை வாசித்துவிட்டுக் கேட்டார். நான் அதற்கும் கேட்டதே இல்லை என்றேன். அதன்பிறகு என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

பாரீஸில் அச்சிட்டவர்களுக்குக் கடிதம் எழுதி, அடுத்த பதிப்பில் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னார். அப்படியானால் யார் பெயரைப் போடுவது என்று அவர்கள் பணிவாகக் கேட்டு எழுதினார்கள். பெயர் அப்படியே இருந்தது.

இதெல்லாம் போதாதென்று, கிறிஸ்துமஸ் கழிந்ததும் ரோமாபுரியிலிருந்து கட்டளை வந்தது. கோயிலில் நாடகக் கொட்டகை மாதிரியான இசை கூடாது, பழைய கீதங்களையே பாட வேண்டும், பெண்கள் பாடகர் குழுவில் இருக்கக் கூடாது. குர்தெல் சாமி எங்கள் வீட்டுக்கே வந்து, தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே சொன்னார்.

“எவரிஸ்த், நான் என்ன செய்ய? அந்தப் பாட்டுக்கு நான் அழுதிருக்கேன். இப்ப அழுதது சரியா தப்பான்னே எனக்குத் தெரியல. ராட்டினத்துலயும் அதே பாட்டு வருது, ரோமாபுரிலேருந்தும் இப்படி வருது. கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்போம்.”

அத்தான் சரி என்று தலையாட்டினார். எனக்குத்தான் ஆறவில்லை. அது நாடகப் பாட்டா, பெண் குரலில் கேட்டதால் நாடகமா, அல்லது குதிரை ஓடியதால் நாடகமா என்று சாமியிடம் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு மேலே இருப்பவர்களுக்கு எழுதிக் கேட்கிறேன் மதாம் என்றார். கேட்டாரா என்று தெரியாது. நான் மாடத்திலிருந்து இறங்கிக் கீழே மூன்றாவது வரிசையில் உட்கார ஆரம்பித்தேன். மேலே ஆண்கள் ஐந்து பேர், கோபெரையும் சேர்த்து, பழைய கீதங்களைத் தட்டுத்தடுமாறிப் பாடினார்கள். அத்தான் அவர்களுக்குச் சுரம் மட்டும் கொடுத்தார். அந்த வருஷம் முழுக்க அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

அடுத்த மிக்கேல் திருநாள் வந்தது. ராட்டினமும் வந்தது. ஆனால் அதை நடவில்லை. வண்டிகள் ஆற்றங்கரையிலேயே நின்றன. மெலானி வழியில் மார்ச்சளி கண்டு, ஊர் எல்லைக்கு வந்த மறுநாள் செத்துப்போனாள்.

ஃபிர்மேன் மீசையெல்லாம் நனைந்து சாமி வீட்டு வாசலில் நின்றான். ஊர் ஊராய்ச் சுற்றுகிறவர்கள். எந்தக் கோயில் பங்குப் பதிவிலும் அவர்கள் பேர் கிடையாது. குர்தெல் சாமி ஒன்றும் கேட்கவில்லை. பெரிய பீடத்திலேயே பாட்டுப் பூசை வைக்கிறேன் என்றார். அங்கிருந்து ஃபிர்மேன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அக்காள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“முசியே, அவளுக்கு அந்தப் பாட்டுன்னா ரொம்ப இஷ்டம். போன வருஷம் உங்க கோயில்ல கேட்டதைப் பத்தி வழியெல்லாம் பேசிட்டே வந்தா. அதை வாசிச்சு அவளை அனுப்பி வைங்க. வேற எதுவும் நான் கேக்கல.”

அத்தான் சாமியிடம் போனார். நானும் கூடப் போனேன். சாமி சன்னல் வழியாகத் தன் பேரிக்காய் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாவுப் பூசைல ஆர்கன் தனியா வாசிக்கக் கூடாது, தெரியுமில்ல? யாராவது பாடினா கூட வாசிக்கலாம்,” என்றார்.

அத்தான் ஆண்களைக் கேட்டார். ராட்டினப் பாட்டைப் பிணத்துக்கு முன்னால் பாடமாட்டோம், ஊர் எங்களைச் சிரிக்கும் என்று கோபெர் சொல்லிவிட்டான். அவனும் வருத்தமாகத்தான் சொன்னான். பெண்கள் குழுவில் பாடக் கூடாது. அப்போது சாமியே என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“சனங்க தங்க இடத்துல உக்காந்து பாடறதை ரோமாபுரி தடுக்கல. நான் பீடத்தைப் பாத்து நிக்கறவன். பின்னால யார் குரல்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அது அனுமதியா, கட்டளையா, வேடிக்கையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடக்கப் பூசைக்கு ஊர் பாதி வந்திருந்தது, பெரும்பாலும் வேடிக்கை பார்க்க. சந்தைக்கு வந்த கழைக்கூத்தாடிகளும் மிட்டாய்க்காரர்களும் கறுப்புத் துணி கிடைக்காமல் கிடைத்ததை உடுத்தி வந்தார்கள். பிரேதப்பெட்டி நடுவில் இருந்தது. நான் மூன்றாவது வரிசையில் தனியாக இருந்தேன். மேலே ஆர்கன் அந்த முதல் தாழ்ந்த சுரத்தைப் பிடித்தது. கட்டளை வந்ததிலிருந்து அவர் விரல் அதைத் தொடவில்லை. ரொம்ப மெதுவாக வாசித்தார். முன்பு ஒருபோதும் அவ்வளவு மெதுவாக நாங்கள் பாடியதில்லை. மூன்று படி ஏறி நிற்கிற இடத்தில் அவர் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். கையை எடுத்துவிட்டார், பழையபடி முடியாமல் போய்விட்டது என்று நினைத்தேன். நானாகவே உயரே போனேன். ஆர்கன் என் பின்னால் வந்தது. எப்போதும் நான்தான் அதன் பின்னால் போவேன். அன்றைக்கு அது என் பின்னால் வந்தது. சாமியின் முதுகு அசைந்தது. யாரும் சிரிக்கவில்லை. கோபெர் மாடத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பெட்டியையே பார்த்தான்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஃபிர்மேன் எல்லோருக்கும் கைகொடுத்தான். அத்தானிடம் வந்தபோது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“பாட்டு மனசைப் பிழிஞ்சிடுச்சு முசியே. அந்த அம்மா குரலும் அப்படித்தான். ஆனா எங்க பாட்டை வாசிக்கலையே. சாமி வேண்டாம்னுட்டாரா? பரவால்ல, நான் தப்பா எடுத்துக்கல.”

அத்தான் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உங்க பாட்டு எதுன்னு சொல்லுங்க,” என்றார்.

ஃபிர்மேன் வெட்கப்பட்டுக்கொண்டே, அந்தச் சோகத்திலும் தலையை லேசாக ஆட்டி முணுமுணுத்தான். அதே சுரங்கள்தான். ஒன்றுகூட மாறவில்லை. வேகம்தான் வேறு.

“இதைத்தானே வாசிச்சேன்?”

“இல்லைங்க. இது எங்களது. நீங்க வாசிச்சது வேற. நான் பொறந்ததுலேருந்து கேக்கற பாட்டு எனக்குத் தெரியாதா?”

அவனிடம் வாதாட அத்தானுக்கு மனம் வரவில்லை. தலையாட்டிவிட்டு நடந்தார். ஊரே ஒன்று என்றது. மெலானி ஒன்று என்றாள். அத்தான் அந்த ஒன்றுக்காக ஒரு வருஷம் தன்னைத் தின்றுகொண்டிருந்தார். ராட்டினத்துக்குச் சொந்தக்காரன் மட்டும் இரண்டு என்கிறான்.

வீட்டுக்கு வந்து அக்காள் முயல் குழம்பு பரிமாறியபோது அத்தான் கேட்டார்.

“ஒதீல், அது ஒண்ணா ரெண்டா?”

“எனக்குத் தெரியல அத்தான்.”

“எனக்கும் தெரியல,” என்றார். “தெரியாமலே அவ போயிட்டா. தெரியாமலே நானும் வாசிச்சுட்டேன்.” பிறகு ரொட்டியைப் பிய்த்துக் குழம்பைத் துடைத்து, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். அக்காள் சந்தேகமாக என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன்.

அந்த ஞாயிறு காணிக்கை நேரத்தில் அவர் நடுவில் நிறுத்தவில்லை. அதில் யார் யார் பாட்டெல்லாம் இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. பால்காரி இருந்தாள் என்று சத்தியம் செய்வேன். அவருக்குக் கவலை போய்விட்டதா, கவலைப்பட்டு அலுத்துவிட்டதா என்பதும் தெரியாது. கேட்டதற்கு, கை வலிக்கவில்லை, அதனால் வாசித்தேன் என்றார்.

அதற்குப் பிறகு நிறைய எழுதினார். மாதாவுக்கு, நற்கருணைக்கு, இறந்தவர்களுக்கு. ஆண் குரல்களுக்கு மட்டுமே எழுதினார். ஆனால் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் சேர்ந்து பாடுகிற மாதிரி எங்காவது ஒரு வரியை எளிதாக வைத்துவிடுவார். அந்த வரி வந்தால் மூன்றாவது வரிசையிலிருந்து நான் பாடுவேன், என்னைப் பார்த்து மற்றப் பெண்களும் பாடுவார்கள். குர்தெல் சாமி பீடத்தைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார்.

சில வருஷம் கழித்து, பாஸ்கா முடிந்த வாரத்தில் ஒரு மத்தியானம், பியானோ முன்னால் உட்கார்ந்தபடியே அத்தான் போய்விட்டார். மேசைமேல் கடைசியாக எழுதிய பாட்டு கிடந்தது. பெந்தெகொஸ்தே திருநாளுக்கானது. ஆறு தாள், எதிலும் எண் போடவில்லை. அக்காளும் சாமியும் நானும் வட்டமேசையில் அவற்றைப் பரப்பி உட்கார்ந்தோம். அமைதியாக இருக்கும் தாள்தான் முடிவு என்றார் சாமி. இல்லை, அவர் எப்போதும் அமைதியாகத்தான் ஆரம்பிப்பார் என்றாள் அக்காள். எனக்கு எப்படி வைத்தாலும் சரியாகவே இருந்தது; அதைச் சொன்னால் இருவரும் கோபித்துக்கொண்டார்கள். கடைசியில் சாமி சொன்ன வரிசையில் பாடுவதென்று முடிவாயிற்று.

திருநாளன்று ஆண்கள் பாடினார்கள். ஊருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வெளியே வந்து, முசியே தெலாந்த் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது என்றான் கோபெர். அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாள்கள் மாறியிருக்கின்றன என்று என் காதில் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எந்தத் தாள் என்றுதான் தெரியவில்லை.